வெட்டுத்துணியிலிருந்து கேன்வாஸுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஓவியம் வரைந்து வருகிறேன். தையல் கடைகளிலும் துணிக் கிடங்குகளிலும் கழித்துப் போடும் வெட்டுத்துணிகளைச் சேகரித்து, அவற்றைப் பார்த்து, ஒட்டுப் போர்வை தைக்கும் முறைப்படி கேன்வாஸ் மேல் வண்ணத்தில் அடுக்குவது என் வேலை. கண்காட்சிக்கு வருபவர்களும் அறையைப் பார்க்க வரும் மாணவர்களும் கீழே டீக்கடையில் நின்று விசாரிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்றபடி சொல்லும் பதில் அரைகுறையாகவே அமைவதால், அவற்றை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஓவியங்களில் என்ன வரையப்பட்டிருக்கிறது?

சதுரம், பட்டை, முக்கோணம், பிறை ஆகிய சில வடிவங்களும், அவற்றுக்குள் கோடு, கட்டம், புள்ளி, பூ ஆகிய சில கோலங்களும் மட்டுமே இருக்கின்றன. மனிதர்களோ வீடுகளோ கடலோ இல்லை. ஆனால் ஒவ்வொரு துண்டும் என் மேசையில் கிடக்கும் உண்மையான ஒரு துணித்துண்டைப் பார்த்து, அதன் நூல் ஓடும் திசை, சாயம் வெளுத்த இடம், அச்சு விலகிய இடம் உட்பட வரையப்பட்டது. துண்டு துண்டாகப் பார்த்தால் இவை பொருளை எதிரில் வைத்து வரைந்த படங்கள். மொத்தமாகப் பார்த்தால் எந்த உருவத்தையும் காட்டாத அரூபம். இரண்டில் எது என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்பவர்களிடம் நான் எப்போதும் நழுவிவிடுகிறேன்.

'ஒன்றும் புரியவில்லை' என்று சொன்னால் வருத்தப்படுவீர்களா?

இல்லை. ஒரு புடவையை விரித்ததும் கரைக்கும் உடலுக்கும் நிறம் ஒத்துவரவில்லை, முந்தியில் நெசவு அதிகமாகிவிட்டது என்று கடைக்காரருக்கே எடுத்துச் சொல்லும் கண்கள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கின்றன. புடவையை யாரும் 'புரிந்துகொண்டு' வாங்குவதில்லை. அந்தக் கண்ணோடு ஓவியத்தின் முன்னால் நின்றால் போதும்.

ஒட்டுப் போர்வைக்கும் நவீன ஓவியத்துக்கும் என்ன தொடர்பு?

பலர் நினைப்பதைவிடப் பழைய தொடர்பு. ஓவியர் சோனியா டெலோனே 1911இல் பாரிஸில் தம் கைக்குழந்தைக்காகத் துணித்துண்டுகளை ஒட்டி ஒரு போர்வை தைத்தார். உக்ரைன், ரஷ்யக் கிராமத்து வீடுகளில் இருந்த போர்வைகளின் நினைவில் தைத்தது அது. தைத்து முடித்தபின் அதில் ஓவியத்துக்கான வழி இருப்பதை அவரும் அவருடைய கணவரும் கண்டார்கள். அரூப ஓவியத்தின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக அந்தப் போர்வை இன்று பாரிஸின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர்கள் அரூபத்தைக் கண்டுபிடித்து அதைத் துணிக்குக் கடன் கொடுத்தார்கள் என்ற கதையில் வரிசையே மாறியிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுப் போர்வைகளைக் கட்டிலிலிருந்து எடுத்து, ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டு ஒரு கண்காட்சி நடத்தியது. ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் ஆகிய இருவர் சேகரித்தவை அவை. பார்த்தவர்கள் வியந்தார்கள், சரி. ஆனால் 'நம் ஓவியர்கள் செய்வதைப் போலவே இருக்கிறதே' என்பதுதான் வியப்பின் காரணம் என்றால், அது தைத்தவர்களுக்குச் செய்த மரியாதை ஆகாது என்பது என் கருத்து. அவர்களில் பலருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை.

எனக்கு ஆசானாக அமைந்தது வேறொரு ஊர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் ஓரிடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன தம் கணவர் வயலில் உடுத்திய வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும், பாக்கெட்டைப் பிரித்தபின் வெளுக்காமல் தங்கிய அடர்நீலமும் அதில் அப்படியே தெரிகின்றன. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் அந்தப் பகுதிப் பெண்களின் கூட்டுறவு அமைப்புக்குக் கிடைத்தது. மிச்சத் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அதன்பின் அந்த ஊர்ப் போர்வைகளில் தங்க மஞ்சளும் இலைப் பச்சையும் ஆரஞ்சும் நிறைந்தன. ஒரு கடையின் கொள்முதல் பட்டியல் ஓர் ஊரின் வண்ணங்களை முடிவுசெய்தது. இந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் தொடர்ந்து விட்னியிலும் காட்சிக்கு வந்தன.

நான் அவற்றைப் படங்களில் பார்த்துக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. நீலப் பட்டை ஒன்று பாதி தூரம் போய்த் திடீரென நின்று, மீதித் தூரத்தை வேறொரு சாம்பல் நிறத் துணி நிரப்புகிறது. அழகுக்காகச் செய்த மாற்றம் அல்ல அது. நீலம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவரின் கண் அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது. கைவசம் உள்ளது போதாமல் போகும் இடத்தில்தான் கோலம் உயிர் பெறுகிறது என்பதே என் எல்லா ஓவியங்களுக்கும் அடிப்படை. சேகரிப்பு எனக்குத் தேவைப்படுவதும் அதற்காகத்தான்.

நம் நாட்டில் இந்த மரபு இல்லையா?

நிறைய இருக்கிறது. வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி, சிந்து, ராஜஸ்தான் பகுதிகளின் ரல்லி என்று பட்டியல் நீளும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வட கர்நாடகத்தில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையை. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அந்தச் சமூகத்துப் பெண்கள், பழைய புடவை ஒன்றை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, துண்டுகளை வைத்து நீளத்தையல் போட்டபடியே ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். முன்கூட்டிய வரைபடம் கிடையாது. நடுவில் எஞ்சும் இடம் எவ்வளவு, அதற்கு எந்தத் துண்டு என்பது கடைசி வரை தெரியாது. நான் சில ஓவியங்களை அப்படியே ஓரத்திலிருந்து உள்நோக்கி வரைந்திருக்கிறேன். நடுவுக்கு வரும்போது ஏற்படும் நெருக்கடியை வேறெந்த முறையிலும் வரவழைக்க முடியவில்லை.

சென்னையில் கனத்த போர்வைக்கு என்ன வேலை? மார்கழியில் ஒரு பருத்திப் போர்வை போதும். ஆகவே இங்கே மிச்சத்துணி கால்மிதியாகவும் பிடிதுணியாகவும் தலையணை உறையாகவும் பையாகவும் போயிற்று. பழஞ்சேலை குழந்தைக்குத் தூளியானது. ஒட்டுவேலையின் உச்சம் நம்மிடம் கோயிலில் இருக்கிறது. தேரைச் சுற்றிக் கட்டும் தேர்ச்சீலைகளும், உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்புத் துணிகளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்துச் செய்யப்படுபவை. திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் தேர் அசையும்போது தொம்பையின் கட்டங்கள் உருண்டு நிறம் மாறுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். வெகு தூரத்திலிருந்து கூட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவுகள் அந்த வண்ணங்களில் இருக்கின்றன.

ஏன் வட சென்னை?

பிறந்து வளர்ந்த இடம் என்பது முதல் காரணம். அது தற்செயல். ஆனால் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

கம்பெனி ஆட்சியில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை இது. சற்று வடக்கே, திருவொற்றியூரின் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கியது. இன்னும் வடக்கே பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியதே துணி வணிகத்துக்காகத்தான். மேற்கே பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் இருந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களிடையே. 1996இல் ஆலை மூடப்பட்டது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைக் கிளறினால், அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனத்தின் காக்கித் துணி ஏதாவது ஒரு வடிவத்தில் இன்றும் வெளியே வரும். நூல், நெசவு, வெளுப்பு, ஆலை, கிடங்கு, தையல் என்று துணியின் எல்லாக் கட்டங்களும் சில கிலோமீட்டருக்குள் நடந்த நிலப்பரப்பு இது. இன்று மிஞ்சியிருப்பது கடைசிக் கட்டம்: எம்.சி. ரோட்டின் ஆயத்த ஆடைக் கடைகள், கோடவுன் தெருவின் மொத்த வியாபாரம், சந்துகளுக்குள் தையல் இயந்திரங்களின் சத்தம்.

துணி அல்லாதவையும் உண்டு. துறைமுகத்துக்குள் போக எண்ணூர் விரைவுச் சாலையில் நீலம், துரு, சிவப்பு, சாம்பல் என வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். காசிமேட்டில் அறுந்த வலையை வேறு நிற நைலான் கொண்டு பின்னிய இடம் பச்சைக்குள் ஆரஞ்சுத் தீவாகத் தெரிவது. கூரை ஒழுகும் இடத்தில் பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் போர்த்தி, அதில் யாரோ ஒருவரின் கை மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பது. போதாததை இருப்பதைக் கொண்டு நிரப்பும் வேலை இங்கே எல்லாத் தெருவிலும் நடக்கிறது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'வட சென்னையின் வலியைப் பேசும் ஓவியம்' என்று அழைப்பிதழில் அச்சிடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் மறுப்பே சொல்கிறேன். இவை துணியைப் பற்றிய ஓவியங்கள்.

மதராஸ் கட்டம் என்பதும் இதில் வருகிறதா?

வருகிறது, அதுவும் மையத்தில். கட்டம் போட்ட சென்னைக் கைத்தறித் துணி நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியானது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பெண்கள் கட்டத்துணியில் சில நூல்களை மட்டும் சவரக் கத்தியின் முனையால் அறுத்து உருவி, நெய்த கட்டத்துக்குள்ளேயே வேறொரு கோலத்தை வெளிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பெலெடெ பிடெ என்று பெயர். சேர்க்காமல் நீக்கியே புதுக் கோலம் உண்டாக்குவது அந்த முறை. என்னுடைய ஓவியங்களில் உலர்ந்த வண்ணத்தைச் சுரண்டி அடியிலுள்ள நிறத்தைக் காட்டும் மெல்லிய கோடுகளைப் பார்த்தால், அவை அங்கிருந்து கற்றவை என்று கொள்ளலாம்.

என்னென்ன சேகரிக்கிறீர்கள்?

தையல்காரர் வெட்டிக் கழித்தவை முதலிடம். அதில் எனக்குப் பிடித்தது ரவிக்கை வெட்டும்போது கழியும் துண்டுகள். ரவிக்கைத் துணியை மடித்துப் போட்டு, சாக்பீஸால் குறித்துக் கத்தரி ஓட்டினால், கழுத்துப் பகுதியிலிருந்து ஒரு துண்டும், கைக்குழியிலிருந்து பிறை போன்ற துண்டுகளும் விழும். கழுத்துத் துண்டு விரித்தால் வட்டமாகவோ பானை வடிவமாகவோ இருக்கும். ஆழமான கழுத்து வைத்தால் பெரிதாகவும் மூடிய கழுத்து வைத்தால் சிறிதாகவும் விழும். துண்டின் ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாக்பீஸ் கோடு பாதி இருக்கும். மற்ற பாதி ரவிக்கையோடு போய்விட்டது. ஒரு தையல் இயந்திரத்தின் அடியில் கிடக்கும் குவியலில் அந்தத் தெருவில் உள்ள அத்தனை பேருடைய கழுத்தும் தோளும் எதிர்வடிவமாகக் கிடக்கின்றன. என் ஓவியங்களில் வரும் பிறைகளை நிலா என்று படித்தவர்கள் இருக்கிறார்கள். அவை கைக்குழிகள்.

அடுத்தது துணியின் ஓரக்கரை. ஆலையின் பெயரும் வண்ணச் சோதனைப் புள்ளிகளும் அச்சான அந்த விரலகலப் பட்டையைத் தையல்காரர்கள் முதலில் வெட்டி எறிவார்கள். அச்சில் எத்தனை நிறம் உண்டோ அத்தனை புள்ளிகள் அதில் வரிசையாக இருக்கும். ஒரு துணியின் சமையற்குறிப்பு அது. பிறகு கைலித் துண்டுகள், குடைத்துணி, பள்ளிச் சீருடைக் கட்டங்கள், பந்தல்காரர்கள் கழித்த சாமியானாத் துணி. துணி அல்லாதவற்றில் தீப்பெட்டி அட்டைகளும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பூப்போட்ட தரை ஓட்டுத் துண்டுகளும் மட்டும் வைத்திருக்கிறேன்.

எங்கே கிடைக்கிறது? இலவசமாகத் தருகிறார்களா?

முதலில் சும்மா தந்தார்கள். வெட்டுத்துணிக்கு ஒரு சந்தை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது: பட்டறைகளில் எண்ணெய் துடைக்கவும் தலையணை அடைக்கவும் அது எடைபோட்டு வாங்கப்படுகிறது. ஆகவே நானும் எடைக்குக் காசு கொடுக்கிறேன். பொறுக்கி எடுப்பதால் சற்றுக் கூடவே கொடுக்கிறேன். காயலான் கடைகளில் தீப்பெட்டி அட்டை, ஓடு போன்றவை கிடைக்கும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு பழம்பொருள் தேடுபவர்களுக்கு ஒரே கூரையின்கீழ் எல்லாம் கிடைக்கும் இடம் என்று ஒன்று இல்லை. தெருத்தெருவாகத்தான் போக வேண்டும்.

சேகரிப்பதற்கும் குப்பை சேர்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?

கழிப்பதற்கு ஒரு விதி இருந்தால் அது சேகரிப்பு. என் விதி எளிது: உள்ளங்கையைவிடப் பெரிய துண்டை வைத்துக்கொள்வதில்லை, ஒரே துணியில் இரண்டாவது துண்டை வைத்துக்கொள்வதில்லை. பெரிய துண்டு இருந்தால் அதையே இடம் முழுக்க நிரப்பிவிடத் தோன்றும். இரண்டாவது துண்டு இருந்தால் முதல் துண்டு தீர்ந்துவிடும் என்ற பயம் போய்விடும். அந்தப் பயம் எனக்கு வேண்டும். நிறவாரியாக அடுக்குவதில்லை, கிடைத்த தெருவாரியாகத்தான் பிஸ்கட் டின்களில் அடுக்குகிறேன். ஒரு டின்னை எடுத்துத் தொடங்கினால் ஓவியம் முடியும் வரை அடுத்த டின்னைத் திறக்கக் கூடாது.

ஓர் ஓவியம் எப்படி உருவாகிறது?

முதலில் கேன்வாஸ். பருத்தி கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வெள்ளைப் பூச்சு பூசி, உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசுவேன். துணியின் நூல் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. வரையப்போவது துணி என்பதால் அடியில் இருக்கும் துணியும் சற்றுப் பேச வேண்டும்.

பிறகு டின்னில் உள்ள துண்டுகளைத் தரையில் பரப்பி அடுக்கிப் பார்ப்பேன். இந்தக் கட்டம்தான் நீளமானது, பல நாள் போகும். போர்வைக்காரர்களின் பழைய அமைப்புகளில் ஒன்றை எலும்புக்கூடாக எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்கப் போர்வைகளில் 'மரக்குடில்' என்ற அமைப்பு ஒன்று உண்டு: நடுவில் சிறு சதுரம், அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாகப் பட்டைகள், சுற்று கூடக் கூடப் பட்டை நீளும். பாதிச் சதுரத்தில் வெளிர்நிறமும் பாதியில் அடர்நிறமும் வைத்தால் குறுக்கே ஒரு நிழல் விழுந்ததுபோல் தெரியும். இதன் இயல்பு என்னவென்றால், கடைசிச் சுற்றுக்குத்தான் மிக நீளமான துணி வேண்டும். நம்மிடமோ அப்போது துணி தீர்ந்திருக்கும். ஆகவே வெளிச்சுற்றுகளில் பட்டைகள் உடையும், ஒட்டுகள் கூடும். ஓவியத்தின் ஓரங்கள் நடுவைவிடப் பரபரப்பாக இருப்பது இதனால்.

தைப்பதில் இல்லாத ஒரு சிக்கல் வரைவதில் உண்டு. துணியில் தையலுக்கென்று உள்ளே ஒதுக்கும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மடிந்து போகும். போர்வைக்காரர்கள் அதற்குக் கால் அங்குலம் விடுவார்கள். நான்கரை அங்குலச் சதுரம் தைத்து முடித்தால் நான்கு அங்குலம்தான். அதனால்தான் ஒட்டுப் போர்வையில் பூக்கள் ஓரத்தில் அரைகுறையாக, இடுக்கில் மாட்டியதுபோல் நிற்கின்றன. வண்ணத்தில் எதுவும் மடியாது. கவனிக்காமல் விட்டால் பூ முழுதாகப் பொருந்தி உட்கார்ந்து, படம் தரை ஓடு பதித்ததுபோல் ஆகிவிடும். எனவே ஒவ்வொரு துண்டையும் கால் அங்குலம் விழுங்கப்பட்டதாகக் கணக்கிட்டு வரைகிறேன். இரண்டு துண்டுக்கும் நடுவே வெள்ளைப் பூச்சு மயிரிழை அகலத்துக்குத் தெரியும்படி விடுவேன். பசைநாடா ஒட்டி வரைந்தால் அந்தக் கோடு கத்தி வெட்டாகத் தெரியும் என்பதால் கையால்தான் விடுகிறேன். அதன் நடுக்கம் தையலின் நடுக்கமாக ஆகிறது.

கிராஸ் பீஸாக வெட்டிய துண்டுகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். துணியை மூலைவாட்டில் வெட்டினால் அது இழுபடும், கட்டங்கள் சாய்சதுரமாகி லேசாக வளையும். அந்த வளைவை அளவுகோல் வைத்து வரைய முடியாது. துண்டை ஊசியால் குத்தி வைத்து, பார்த்துப் பார்த்து வரைகிறேன்.

வண்ணம் அக்ரிலிக். எண்ணெய் வண்ணம் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஐப்பசி மழையில் கடற்கரைப் பக்கத்து அறையில் அது உலரும் முன்னால் பொறுமை உலர்ந்துவிடும். சித்திரையில் இதற்கு நேர்மாறான தொல்லை: தட்டில் பிழிந்த அக்ரிலிக் தூரிகை தொடுவதற்குள் தோல் கட்டிக்கொள்ளும். ஈரத்துணி மேல் தாள் விரித்து அதில் வண்ணம் வைத்துச் சமாளிக்கிறேன்.

நிறங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

தேர்ந்தெடுப்பதில்லை, டின்னில் இருப்பதுதான். ஆனால் கட்டத்துணியை வரையும்போது ஒரு கணக்கு உதவுகிறது. நெடுக்கு நூலான பாவிலும் குறுக்கு நூலான ஊடையிலும் ஒரே ஆறு நிற நூல்களைப் போட்டால், ஒரே நிறம் ஒரே நிறத்தைக் கடக்கும் இடங்களில் 6 தனி நிறங்களும், வெவ்வேறு நிறங்கள் கடக்கும் இடங்களில் 15 கலவை நிறங்களுமாக 21 நிறங்கள் தெரியும். கைலியின் செல்வச் செழிப்புக்கு இதுதான் ரகசியம். சிவப்பும் பச்சையும் நூலாகக் கடக்கும்போது தூரத்திலிருந்து ஒரு மங்கிய பழுப்பு தெரியும். அருகே போனால் இரண்டும் தனித்தனியே மின்னும். வண்ணத்தில் இரண்டையும் கலந்தால் வெறும் சேறு கிடைக்கும். ஆகவே பெரிய கட்டங்களை நூல் நூலாகவே, மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து வரைகிறேன். முதுகுக்கு நல்லதல்ல.

வரைவதற்குப் பதிலாகத் துணியையே ஒட்டிவிடலாமே?

ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் 1955இல் ஓர் ஒட்டுப் போர்வையையும் தலையணையையும் சட்டத்தில் நீட்டி, மேலே வண்ணத்தைக் கொட்டி, 'படுக்கை' என்ற படைப்பைச் செய்தார். மிரியம் ஷாபிரோ மேலங்கிகளையும் கைக்குட்டைகளையும் பின்னல் வேலைகளையும் கேன்வாஸில் ஒட்டி, பெயர் தெரியாத பெண்களின் கைவேலையைத் தம் ஓவியத்துக்குள் கொண்டு வந்தார். இரண்டும் பெரிய படைப்புகள்.

நான் ஒட்டாததற்குக் காரணம், ஒட்டினால் துணி தன் வேலையைத் தானே செய்துவிடும், நான் பார்க்க வேண்டியதில்லை. ஒரு துண்டை வரைய வேண்டுமென்றால் அதை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். இன்னொன்று, மலிவான அச்சுத்துணியின் சாயம் சென்னை வெயிலில் சில வருடங்கள்கூடத் தாங்காது.

இது கோலம்தானே?

உறவு உண்டு, ஒன்றல்ல. கோலத்தில் புள்ளி முன்கூட்டியே சீராக இடப்படுகிறது, மாவு தீர்ந்துபோய் யாரும் சிக்குக் கோலத்தைப் பாதியில் வேறு நிறத்துக்கு மாற்றுவதில்லை.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?

திரும்பத் திரும்ப வரும் கோலத்தை அலங்காரம் என்று ஒதுக்கும் பழக்கம் ஐரோப்பிய நவீனத்திலிருந்து வந்தது. 1970களின் நடுவில் மிரியம் ஷாபிரோ, ஜாய்ஸ் கோஸ்லோஃப், ராபர்ட் குஷ்னர், வலேரி ஜோடன் போன்றோர் அதை எதிர்த்தே 'கோலமும் அலங்காரமும்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இஸ்லாமியக் கட்டடங்களின் அலங்கார ஓடுகள், இந்தியத் துணிகள், போர்வைகள் எல்லாம் ஓவியத்துக்கு நிகரான சிந்தனை என்பது அவர்களுடைய வாதம். பெண்களும் ஐரோப்பியர் அல்லாதோரும் செய்தவை என்பதாலேயே அவை கைவினை என்ற தாழ்ந்த அறையில் வைக்கப்பட்டன என்றும் அவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை.

சென்னையில் இந்தச் சண்டை வேறு விதமாக நடந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி முதலிலிருந்தே கைத்தொழிலையும் கற்பித்தது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்களும் எழுத்துபோன்ற கிறுக்கல்களும் அட்டவணைகளும் தளம் முழுக்கப் பரவிக் கிடக்கும். அவர் முன்னின்று 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, அங்கே குடியேறியவர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்ற வருமானத்தில்தான் ஓவியம் வரைந்தார்கள். கைவினை காசு கொடுத்தது, ஓவியம் பெயர் வாங்கியது. அந்தக் கணக்கை இன்னும் யாரும் சரியாக நேர்செய்யவில்லை என்பது என் எண்ணம்.

கணினியில் ஒரு நிமிடத்தில் இப்படி ஆயிரம் கோலங்கள் வருமே?

வரும். கணினியில் நீலம் தீராது.

தலைகீழாக மாட்டினால் தவறா?

போர்வைக்குத் தலைமாடு, கால்மாடு கிடையாது. பின்புறத்தில் நான் இட்டிருக்கும் அம்புக்குறி சட்டத்தில் கம்பி கட்டுவதற்காக மட்டுமே.

சென்னையில் இவற்றோடு தொடர்புடையவற்றை எங்கே பார்க்கலாம்?

எழும்பூர் அருங்காட்சியகம், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா ஆகியவை வழக்கமான பதில்கள், தவறானவையும் அல்ல. அவற்றுக்கு முன்னால், காலையில் காசிமேட்டில் வலை செப்பனிடுபவர்களின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். இடைஞ்சல் செய்யாமல் கேட்டால், எந்த நூலை எந்த இடத்துக்குப் போடுவது என்பதை அவர்களே விளக்குவார்கள்.

ஓவியப் பயிற்சி இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். உங்கள் தெருத் தையல்காரரிடம் ஒரு பை வெட்டுத்துணி வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு துண்டு எடுங்கள். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு முழு அட்டையை அந்தப் பன்னிரண்டால், இடைவெளி இல்லாமல் மூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயமாகப் போதாது. எதை வெட்டுவது, எதைச் சாய்ப்பது, எங்கே வெறுமையை ஒத்துக்கொள்வது என்று யோசிக்கும்போது வரும் அமைப்பைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வண்ணம் பிறகு. குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது அவர்கள் பன்னிரண்டைப் பதிமூன்றாக்கப் பேரம் பேசுவார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வாங்கிய ஓவியத்தை எப்படிப் பராமரிப்பது?

மழைநீர் இறங்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். உள்சுவரிலும் சட்டத்தின் கீழ்மூலைகளில் இரண்டு தக்கை வில்லைகளை ஒட்டினால் பின்னால் காற்றோடி பூஞ்சை பிடிக்காது. கண்ணாடி போட்டால் உள்ளே ஈரம் தங்கும், போடாமலிருப்பது நல்லது. தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். எண்ணூர்ப் பக்கம் வீடு இருந்தால் கரித்தூள் படியும் என்பதால் வாரம் ஒருமுறை தட்டுவது அவசியம். வெயில் நேராக விழும் சன்னலுக்கு எதிரே மாட்டியே ஆக வேண்டும் என்றால், பருத்தித் திரை ஒன்று தொங்கவிடுங்கள். கட்டம் போட்ட துணியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.